மெருகுக்குக் கீழே மண்

கையோடு ஒரு வேலை – 11

உடைந்த சுவர் டைல் ஒன்றை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். மேல் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அதற்குக் கீழே செங்கல் நிறத்திலோ வெளிறிய பழுப்பிலோ சொரசொரப்பான மண். மேலே இருப்பது கண்ணாடி. கிளேஸ் என்று கடைகளில் சொல்லும் அந்த மெருகு, சூளைச் சூட்டில் உருகி மண்ணின் மேல் இறுகிய கண்ணாடிப் படலம். பெரும்பாலான சுவர் டைல்களில் அதன் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் வேலை முழுவதும் அந்த அரை மில்லிமீட்டரில்தான் நடக்கிறது. மெருகு தண்ணீரைக் குடிக்காது, வண்ணத்தை ஏற்காது; ஈரத்துணியால் துடைத்தால் எல்லாம் போய்விடும். கீழே இருக்கும் மண் இரண்டையும் குடிக்கும். ஆகவே மெருகைக் கீறி மண்ணைத் தொட்டுவிட்டால், தொட்ட இடத்தில் மட்டும் வண்ணம் பிடிக்கும், மற்ற இடமெல்லாம் துடைத்ததும் பளிச்சென்று வெள்ளையாகும். டைலில் செதுக்கி வண்ணம் ஏற்றுவதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஆனால் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் கருவியை எடுத்தவர்கள் பலர், எந்த டைலில் செதுக்க வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும், எந்த வண்ணம் நிற்கும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திண்டாடுவதைப் பார்க்கிறேன். மூன்றுக்கும் விடை அந்த உடைந்த விளிம்பிலேயே இருக்கிறது.

முதலில் டைல். வீடு கட்டி முடித்த எந்தக் குடும்பத்திலும் மாடிப்படிக்கு அடியில் நாலைந்து டைல்கள் மிச்சம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பின்னால் ஒன்று உடைந்தால் மாற்ற உதவும் என்று கொத்தனார் சொல்லி வைக்கச் சொன்னவை. அவற்றில் தரை டைல்களை விட்டுவிடுங்கள். இப்போது தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல், மண் முழுவதுமே ஏறக்குறையக் கண்ணாடித் தன்மைக்கு வெந்து இறுகியது. உலகத் தர அளவின்படி அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. செதுக்கினால் கருவி முனை தேயும், செதுக்கிய பள்ளம் வண்ணத்தையும் சரியாக வாங்காது. சுவர் டைல் அப்படியல்ல. அதே தர அளவில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும் வகையில் அது வருகிறது. எது எது என்று தெரியாவிட்டால் டைலைக் கவிழ்த்து, பின்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போனால் அது நமக்கான டைல். முத்தாக நின்றால் திரும்ப மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடலாம்.

வீட்டில் இல்லையென்றால் டைல்ஸ் கடைக்குப் போகலாம். "அண்ணே, வெள்ளையில ஓரம் உடைஞ்ச பீஸ் ஏதாவது கெடக்கா?" என்று கேட்டால் போதும். "லாட்டு முடிஞ்சு போன சரக்கு பின்னாடி கெடக்கு தம்பி, எது வேணுமோ பார்த்து எடுத்துக்க" என்பார் கடைக்காரர். நமக்கு வேண்டியது படம் எதுவும் அச்சாகாத, மேடு பள்ளம் இல்லாத, ஒரே நிறமான பளபளப்பு டைல். ஒரு காலத்தில் அடுப்படிகளிலும் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் நிறைந்திருந்த ஆறுக்கு ஆறு அங்குல வெள்ளை டைல் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கையில் பிடிக்க வசதி, எடை குறைவு, மெருகும் தட்டையாக இருக்கும். இன்று குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக இறங்கும் டைல்களில் அந்த அளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரிய டைல் கிடைத்தால் கட்டர் வைத்திருக்கும் கடையிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வெள்ளைக்குப் பின்னால் நம் ஊர்ச் சங்கதி ஒன்று உண்டு. கண்ணாடி தன் இயல்பில் ஒளியை ஊடுருவ விடுவது. அதை ஒளிபுகாத வெள்ளையாக்குவதற்கு மெருகில் நுணுக்கி அரைத்த ஜிர்கான் சேர்க்கிறார்கள். அந்த ஜிர்கான் கடற்கரைத் தாதுமணலில் கிடைப்பது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் தாதுக்களில் இதுவும் ஒன்று. மெருகு இப்படி ஒளிபுகாமல் இருப்பதால் நமக்கு ஒரு லாபம். செதுக்கிய பள்ளத்தின் ஓரத்தில் வண்ணம் மண்ணுக்குள் கொஞ்சம் பக்கவாட்டில் பரவினாலும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. கோடு கூர்மையாகவே நிற்கும்.

சுட்ட டைலின் மெருகைச் செதுக்கி எடுப்பது புதிய விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் 1323-க்கும் 1325-க்கும் இடையே கட்டப்பட்ட அல்-அத்தாரின் மதரசாவுக்குள் போனால், முற்றத்தைச் சுற்றிச் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க ஸெல்லிஜ் எனப்படும் வண்ணத் துண்டுப் பதிப்பு வேலை. அதற்கு மேலே ஒரு பட்டை ஓடுகிறது. அதில் கறுப்புப் பளபளப்பில் அரபு எழுத்துகள். எழுத்தைச் சுற்றிலும் பளபளப்பே இல்லாத மண் நிறம். அந்த எழுத்துகளை யாரும் வண்ணம் தொட்டு எழுதவில்லை. முழுவதும் கறுப்பு மெருகு போட்டுச் சுட்ட டைலில் எழுத்தின் எல்லையை வரைந்து, எழுத்தல்லாத இடத்திலிருந்த மெருகு முழுவதையும் கொத்திக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதைச் சுற்றியிருந்ததுதான் போய்விட்டது. கொத்திய மண் தன் நிறத்தையே பின்புலமாகத் தருகிறது. ஒளி பட்டால் எழுத்து மின்னும், பின்புலம் மின்னாது. எழுநூறு ஆண்டுகளாகியும் அந்தப் பட்டைகளை வாசிக்க முடிகிறது.

நான் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் டைலில் கோட்டைத்தான் செதுக்குகிறோம். கோட்டை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைச் செதுக்கலாம் என்ற எண்ணமே வருவதில்லை. கடும் நீலம், கறுப்பு, பச்சை என்று அடர்ந்த மெருகுள்ள டைல் ஒன்று கிடைத்தால் ஃபெஸ் முறையில் ஒரே ஒரு எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுத்துப் பாருங்கள். 'அ' என்ற ஓர் எழுத்து போதும். வண்ணமே தேவையில்லை. மெருகுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடே படமாகிவிடும்.

கருவிக்கு வருவோம். பாத்திரக் கடையில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவார்களே, அந்த மெஷினை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் முனை சுழலாது. மேலும் கீழும் அதிர்ந்து புள்ளி புள்ளியாகக் கொத்தும். டங்ஸ்டன் கார்பைடு முனை போட்டால் அது டைலின் மெருகையும் கொத்தும். ஆனால் பித்தளையும் எவர்சில்வரும் குழிந்து கொடுக்கும், கண்ணாடி குழியாது, சில்லாகத் தெறிக்கும். அதனால் கோட்டின் இருபுறமும் கிளிஞ்சல் வடிவில் சின்னச் சின்ன உடைப்புகள் விழும். ஃபெஸ் முறையில் பின்புலத்தை எடுப்பதற்கு இந்தத் தெறிப்பு நமக்கு உதவுகிறது. நயமான கோட்டுக்கு உதவாது.

கோட்டுக்கு வேண்டியது சுழலும் கருவி. 1932-இல் அமெரிக்காவின் ரஸீன் நகரில் தொடங்கிய டிரெமல் நிறுவனத்தின் பெயராலேயே பலர் இதை அழைக்கிறார்கள். இப்போது பல நிறுவனங்களின் கருவிகள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். முனைதான் முக்கியம். எஃகு முனை மெருகில் வழுக்கி மொட்டையாகும். இரண்டின் கடினமும் ஏறக்குறைய ஒன்றுதான். மோஸ் கடின அளவில் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7, வைரம் 10. ஆகவே டைமண்ட் பிட். எஃகுத் தண்டின் தலையில் நிக்கல் பூச்சுக்குள் வைரத் துகள்களைப் பதித்துச் செய்த முனை அது. செட்டாக வாங்கினால் பல வடிவங்களில் வரும். எனக்குக் கை போவது மூன்றுக்குத்தான்: ஒரு மில்லிமீட்டர் உருண்டை முனை கோட்டுக்கும் புள்ளிக்கும், கூம்பு முனை கூரான மூலைகளுக்கு, தட்டை முனை பரந்த இடத்தை எடுக்க.

வைரம் சூட்டைத் தாங்கினாலும் அதைப் பிடித்துவைத்திருக்கும் பூச்சு நெடுநேரம் தாங்காது. உலர்வாகச் செதுக்கினால் முனை சீக்கிரம் துகள்களை உதிர்த்து வழவழப்பாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து தூசி. டைலின் மண்ணில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் திரும்பக் குணமாகாத நோய். கல் உடைக்கும் தொழிலாளர்கள் எத்தனையோ பேரின் உயிரைக் குடித்தது. பொழுதுபோக்குக்காக யாரும் அந்த அபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. டைலை ஆழமில்லாத தட்டில் வைத்து, ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே செதுக்குங்கள். தூசி எழாமல் சேறாகத் தங்கிவிடும். என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் அப்போதும் வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பேட்டரியில் ஓடும் கருவி நல்லது. மின் இணைப்பில் ஓடுவதென்றால் மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் மட்டும் போடுங்கள். சேற்றைக் காயவிட்டுப் பெருக்காதீர்கள். ஈரமாகவே துடைத்து எடுங்கள். குழந்தைகள் விளையாடும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

படத்தை டைலுக்கு எப்படி மாற்றுவது? பளபளப்பில் பென்சில் பிடிக்காது. டைலை முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி எண்ணெய்ப் பசை போக்கி, மேலே வெள்ளைப் போஸ்டர் கலரை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் அதன் மேல் கார்பன் தாள் நன்றாகப் பிடிக்கும். நனைத்துச் செதுக்கும்போது அது கரைந்துவிடுமே என்றால், உண்மைதான். அதனால் முதல் கீறலை மட்டும் உலர்வாக, மிக லேசாக, முகக்கவசத்தோடு வீட்டுக்கு வெளியே போட்டுக்கொள்ளலாம். அல்லது அழியாத மார்க்கரால் கார்பன் கோட்டின் மேல் ஒருமுறை வரைந்துகொள்ளலாம்; வேலை முடிந்ததும் மெருகின் மேல் மிச்சமிருப்பதை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

ஒரே படத்தைப் பல டைல்களில் போட விரும்பினால் இன்னும் பழைய வழி ஒன்று இருக்கிறது. தாளில் படம் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, டைல் மேல் வைத்துக் கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் தட்டுவது. துளை வழியே கரி இறங்கிப் புள்ளிகளாகக் கோடு நிற்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பாணி நீல வெள்ளை டைல்கள் இப்படித்தான் ஒன்றுபோல் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டன. அதே நுட்பம் நம் சோழமண்டலக் கரையில் துணியில் நடந்திருக்கிறது. ஐரோப்பாவே ஆசைப்பட்ட வண்ணத் துணிகளை இங்குள்ளவர்கள் எப்படி வரைகிறார்கள் என்று கர்தூ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் 1742-இல் எழுதிய கடிதத்தில், துளையிட்ட தாளின் மேல் கரித்தூள் தட்டிப் படத்தைத் துணிக்கு இறக்கும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். நாம் டைலின் மேல் தாளை வைத்துக் கரிப் பொட்டலத்தைத் தட்டும்போது அந்தக் கைகள் செய்த வேலையைத்தான் செய்கிறோம்.

இனி வெட்டு. இதில் அவசரமே கூடாது. கருவியை நடுத்தர வேகத்துக்கும் கீழே வையுங்கள். முனை முதலில் மெருகின் மேல் வழுக்கும், ஓடப் பார்க்கும். அழுத்தினால் இன்னும் வேகமாக ஓடும். ஆகவே முதல் சுற்றில் கோடு முழுவதும் தொட்டும் தொடாமலும் ஒரு வழித்தடம் மட்டும் போட வேண்டும். மெருகின் பளபளப்பு போய் மங்கலான தடம் தெரிந்தால் போதும். இரண்டாவது சுற்றில் முனை அந்தத் தடத்தில் தானே உட்காரும், ஓடாது. அப்போதும் அழுத்தம் வேண்டாம். கருவியின் எடையே போதுமானது.

ஆழம் போய்விட்டதா என்பதைக் கண்ணைவிடக் காது முதலில் சொல்லும். மெருகில் இருக்கும்வரை கீச்சென்ற ஒலி. மண்ணைத் தொட்டதும் ஒலி கனத்து மந்தமாகும். கையிலும் தெரியும், முனை அதுவரை காட்டிய எதிர்ப்பு சட்டென்று தளரும். சேற்றின் நிறமும் மாறும். செம்மண் டைலாக இருந்தால் வெள்ளைச் சேறு சிவக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். மண்ணுக்குள் இன்னும் ஆழமாகப் போவதால் படத்துக்கு ஒன்றும் கூடாது, டைல்தான் பலமிழக்கும். பலரும் கோடு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஆழமாகத் தோண்டுகிறார்கள். கோட்டின் அழுத்தம் ஆழத்தால் வருவதில்லை. அகலத்தாலும் வண்ணத்தாலும் வருகிறது.

சேறு கோட்டை மறைக்கும். அடிக்கடி துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பாருங்கள். மெருகு முழுதாகப் போகாத இடங்கள் மின்னிக் காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களில்தான் பின்னால் வண்ணம் பிடிக்காமல் கோடு விட்டுவிட்டு வரும். டைலின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தொடங்காதீர்கள். ஓரத்தில் மெருகுக்குத் தாங்கல் கிடையாது, சில்லு பெயரும். வளைவு வரும்போது கையை வளைக்காமல் டைலைத் திருப்புங்கள். முனை சுழலும் திசையில் கருவி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும்; எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது கொஞ்ச நேரத்தில் விரல்களுக்குப் பழகி, அந்த இழுப்புக்கு எதிராக இழுப்பதுதான் நேர்க்கோடு என்று புரிந்துவிடும். நேர்க்கோடே கடினம். வளைவு எளிது. சமையலறைக்குச் சதுரக் கட்டம் போட்ட வடிவம் போதும் என்று எளிமையாகத் தொடங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்ன படம் செதுக்கலாம் என்று கேட்டால், சிக்குக் கோலம் என்பேன். காரணம் அழகு மட்டுமல்ல. ஒரே அகலமுள்ள, முறியாத வளைவுகளால் ஆனது அது. உருண்டை முனை இயல்பாகப் போடும் கோடும் அப்படிப்பட்டதே. புள்ளிகளை முதலில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்துவிடலாம். அவை கண்ணுக்கு அளவு காட்டும். இறகுக்கு இறகு நூறு கோடு உள்ள மயிலைத் தேடி எடுத்து ஆறு அங்குல டைலில் அடைப்பவர்கள் முதல் மாதத்திலேயே சலித்துவிடுகிறார்கள். நெளிக்கோலத்தில் தொடங்கியவர்கள் நிற்காமல் போகிறார்கள்.

செதுக்கி முடித்ததும் உடனே வண்ணம் போட வேண்டாம். நனைத்து நனைத்துச் செதுக்கியதால் மண் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கும். ஈரமான மண்ணுக்குள் வண்ணம் நுழையாது. நம் ஊர் வெயிலில் ஒரு முழு நாள் நிறுத்திவையுங்கள்.

எளிய வழி அக்ரிலிக். கொஞ்சம் தண்ணீர் கலந்து பள்ளங்களில் தூரிகையால் தடவி, ஓரங்கள் காய்வதற்குள் ஈரத்துணியைத் தட்டையாகப் பிடித்து மேலே இழுத்துத் துடைத்தால் மெருகின் மேல் இருந்தது வரும், பள்ளத்தில் இருப்பது நிற்கும். துணியைக் கசக்கிப் பிடித்தால் அது பள்ளத்துக்குள் நுழைந்து வண்ணத்தை எடுத்துவிடும். செம்மண் டைலில் மஞ்சளும் வெளிர் நீலமும் மங்கித் தெரியும்; முதலில் வெள்ளை ஒரு கை கொடுத்துக் காயவிட்டு அப்புறம் நிறம் கொடுங்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு இது போதும். தினமும் தேய்த்துக் கழுவும் இடத்துக்குப் போதாது.

கழுவும் இடத்துக்கு நான் விரும்புவது வெள்ளைச் சிமென்ட். நம் வீடுகளின் காவித் தரைக்குப் போட்ட அதே ரெட் ஆக்ஸைடு, மஞ்சள், பச்சை, கறுப்புப் பொடிகள் இன்றும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கின்றன. பொடி, சிமென்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிமென்ட் இறுகாமல் பொடியும். இந்த முறைக்குக் கோடு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமும், சிமென்ட் பிடித்துக்கொள்ள ஒரு மில்லிமீட்டர் ஆழமும் வேண்டும். ஆழத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. இங்கே அக்ரிலிக்குக்கு நேர் எதிராக, பள்ளத்தை முதலில் நனைக்க வேண்டும். இல்லையென்றால் சிமென்டுக்கு வேண்டிய தண்ணீரை மண் உறிஞ்சிவிடும். குழைத்ததை ரப்பர் துண்டால் பள்ளங்களில் அழுத்தி, கோட்டுக்குக் குறுக்கே வழித்து, சற்று இறுகியதும் ஈரப் பஞ்சால் துடைத்து, இரண்டு மூன்று நாள் ஈரத்துணி போர்த்தி வைத்தால் கல்லாகிவிடும். ஆத்தங்குடிக் கல் செய்பவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்டை வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பைச் சிமென்ட் வாங்கிக்கொண்டதும் கண்ணாடி கழன்றுவிடுகிறது. இங்கே கண்ணாடி கழலாமல் சுற்றி நிற்க, சிமென்ட் அதன் நடுவே கோடாகிறது. மங்கலான காவிக் கோடும் மினுங்கும் வெள்ளையும் சேரும் அந்தச் சேர்க்கைக்கு ஈடாக எந்தப் பெயின்டையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கோட்டுக்குள் மட்டுமின்றிக் கோடுகளுக்கு இடையிலும் நிறம் வேண்டும் என்பவர்கள் மெருகின் மேலேயே தீட்ட வேண்டும். அதற்குச் சூட்டில் இறுகும் பீங்கான் பெயின்ட் இருக்கிறது. பெபியோ நிறுவனத்தின் போர்சிலைன் 150 என்ற வகையைத் தீட்டிக் காயவைத்து, வீட்டு ஓவனில் 150 டிகிரியில் 35 நிமிடம் வைக்க வேண்டும். ஓவன் குளிர்ந்திருக்கும்போதே டைலை உள்ளே வைத்து, 150-ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணத் தொடங்கி, அணைத்த பின் உள்ளேயே ஆறவிட வேண்டும். திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் டைலைக் கீறிவிடும். இந்த முறையில் நாம் செதுக்கிய கோட்டுக்குப் புதிய வேலை வருகிறது. வயலுக்கு வரப்புபோல் ஒரு நிறத்தைப் பக்கத்து நிறத்தோடு சேரவிடாமல் அது நிறுத்துகிறது.

செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றின் சுவர்களில் உள்ள ஜப்பானிய மஜோலிகா டைல்களை நெருங்கி நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. இந்தியச் சந்தைக்கென்றே தெய்வ உருவங்கள் போட்டும் செய்தார்கள். அச்சில் அழுத்தி மேடாக எழுப்பிய கோடுகளுக்கு இடையே வண்ண மெருகை ஊற்றிச் சுட்டிருப்பார்கள். மெருகு பள்ளத்தில் தேங்கிய இடத்தில் நிறம் அடர்ந்தும், மேட்டின் தோளில் வெளிறியும் இருக்கும். ரோஜா இதழின் நடுவில் சிவப்பு இருண்டு ஓரத்தில் மங்குவது ஓவியரின் நிழல் வேலை அல்ல, மெருகின் ஆழம். அதே விளைவைச் சின்ன அளவில் நாமும் பெறலாம். தட்டை முனையால் இதழின் நடுவைக் கொஞ்சம் ஆழமாகவும் ஓரத்தை மேலோட்டமாகவும் எடுத்து, ஒளி ஊடுருவும் வண்ணத்தைத் தேக்கினால் ஒரே நிறம் இரண்டு மூன்று சாயல் காட்டும்.

அந்தப் பழைய டைல்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அவை ஒற்றை ஒற்றையாக விலைக்குக் கிடைக்கின்றன. ஆசையாக வாங்குங்கள், சட்டமிட்டு மாட்டுங்கள், முனையை மட்டும் வைக்காதீர்கள். அக்கால வண்ண மெருகுகளில் ஈயம் இருக்கும். செதுக்கினால் அது தூசியாகவும் சேறாகவும் கைக்கு வரும். அதோடு, இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு பொருளை நம் பயிற்சிக்குப் பலியாக்க நமக்கு உரிமை இல்லை என்றே நம்புகிறேன். பயிற்சிக்கு வெள்ளை டைல் ஏராளம்.

லேசர் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கணினியோடு இணைக்கும் சிறிய டயோடு லேசரால் வெள்ளை டைலில் படம் பொறிப்பது இப்போது பரவலாகிவிட்டது. டைட்டானியம் டை ஆக்ஸைடு கலந்த வெள்ளைப் பெயின்டை டைல் மேல் தெளித்துக் காயவிட்டு, லேசரை ஓட்டினால், பட்ட இடத்தில் அந்தப் பொருள் சூட்டில் மெருகோடு பிணைந்து கறுப்பாகிவிடுகிறது. மிச்சப் பெயின்டை அசிட்டோனால் கழுவினால் வெள்ளையில் கறுப்புப் படம் நிற்கும், நகத்தால் சுரண்டினால் போகாது. புகைப்படத்தை அப்படியே இறக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்த லேசருக்கென்று உள்ள கண்ணாடி அணியாமல் அருகில் நிற்கக் கூடாது. புகை வெளியேற வழி வேண்டும். கையால் செதுக்குபவருக்கு அதில் செய்ய அதிகம் இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

வண்ணம் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்றால் சூளைதான். மெருகின் மேல் தீட்டும் சைனா பெயின்ட் வகை 700-லிருந்து 850 டிகிரி வரை வெப்பத்தில் மெருகோடு உருகிச் சேரும். வீட்டு ஓவன் இதற்கு ஆகாது. டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கியதிலிருந்து அந்தப் பகுதியில் சூளை வைத்து வேலை செய்யும் கலைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பெரிய நகரங்களிலும் இப்போது மின்சூளை உள்ள பயிற்சிக் கூடங்கள் உண்டு. தெரிந்தவர் யாராவது இருந்தால் இடம் கேட்கலாம். கேட்கும்போது, கடையில் வாங்கிய டைல், செதுக்கி நனைத்தது, இன்ன டிகிரிக்குமேல் வேண்டாம் என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். ஈரம் தங்கிய டைல் சூளைக்குள் வெடித்தால் பக்கத்தில் இருக்கும் அவருடைய பாண்டங்களும் போய்விடும்.

செய்து முடித்ததைச் சுவரில் பதிப்பதானால் அக்ரிலிக் தீட்டியதை அடுப்புக்கு நேர் பின்னாலோ குளியலறைத் தண்ணீர் விழும் இடத்திலோ வைக்காதீர்கள். சிமென்ட் நிரப்பியதைப் பதிக்கலாம். ஆனால் புளித்தண்ணீரும் ஆசிட் கலந்த கழுவுநீரும் சிமென்டை அரிக்கும் என்பதால் அதன் மேல் கல்லுக்கு அடிக்கும் சீலர் ஒரு கை கொடுங்கள். பதிக்கும்போது டைல்களுக்கு இடையே கொத்தனார் பூசும் கிரவுட் உங்கள் கோடுகளுக்குள்ளும் புகும். அன்று அவர் பக்கத்தில் நின்று, செதுக்கிய பக்கத்தில் காகித டேப் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: சுடாத பச்சை மண் பலகையில் வண்ணக் களிமண் பூசி, அது காய்வதற்குள் மூங்கில் குச்சியால் கோடு இழுப்பது.